ஆனைக் கல்லுக்கு வைத்த நேர்த்தி

ஐம்பதுகளின் கடைசியில் கலியாணமாகி, அக்கராயன் பக்கத்தில் அவருக்குக் கிடைத்த குடியேற்றக் காணிக்கு வந்தேன். ஆறு மாதமாகியும் அந்த இடம் எனக்கு ஒட்டவில்லை. யாழ்ப்பாணத்தில் வேலியிலுள்ள பொட்டு வழியாகத் தலையை நீட்டினால் ஒரு கதையாவது கிடைக்கும். இங்கே கூப்பிட்டால் குரங்குதான் எட்டிப் பார்க்கும். அவர் நல்ல மனிதர், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வாயைத் திறந்தால் வயல், வாய்க்கால், குளத்துத் தண்ணீர். நான் 'ம்' கொட்டுவேன். அம்மாவிடம் போய்விட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பில்லை. அதை அவரிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

அறுவடை முடிந்த பிறகு ஒரு நாள் காலை, "இஞ்சாரும், வெளிக்கிடும். காட்டுக்குள்ளை பெரிய கல்லுகள் நிக்குதாம், பாத்திட்டு வருவம்" என்றார். கல்லைப் பார்க்கவா ஒரு பயணம் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே சைக்கிளில் ஏறினேன்.

பாலை மரங்களுக்கு நடுவே ஒரு வெளி. அதில் மூன்று கருங்கற்கள் ஆளை விட உயரமாக நின்றன. யாரோ நட்டு நிறுத்தியவை என்பது பார்த்தவுடனே தெரிந்தது. ஆதிகாலத்து மக்கள் தங்கள் செத்தவர்களுக்காக நாட்டியவை என்று பல வருடங்களுக்குப் பிறகுதான் அறிந்தேன். அன்று எங்களுக்கு அது ஐயனார்தான். நடுக்கல் எண்ணெய் பூசியதுபோல மினுங்கியது. அடியில் முறித்த குழைகள் கிடந்தன. காட்டு வழியில் போகிறவர்கள் ஒரு குழையை முறித்து வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போவது வன்னி வழக்கம்.

"ஆரோ பூசை செய்யினம்" என்று அவர் செருப்பைக் கழற்றினார். நாங்களும் ஆளுக்கொரு குழை முறித்து வைத்தோம். என்னை அம்மாவிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் பொங்கிப் படைக்கிறேன் என்று நேர்ந்தேன். அழுகையும் வந்துவிட்டது. அவரும் பக்கத்தில் நெடுநேரம் கும்பிட்டார். வயலுக்குத் தண்ணீர் கேட்கிறாராக்கும் என்று நினைத்தேன்.

கண்ணைத் திறந்தபோது அவர் கல்லை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"இவ்வளவு உயரத்திலை ஆர் எண்ணெய் பூசினது?"

மினுக்கம் எங்கள் தலைக்கு மேலேயும் போயிருந்தது. கல் வெடிப்பில் தும்புபோலக் கறுத்த மயிர். பின்பக்கம் பார்க்கப் போனவர் போன வேகத்தில் திரும்பி வந்தார். அங்கே கிடந்த லத்தியில் இன்னும் ஆவி பறந்ததாம்.

"ஆனை முதுகு உரஞ்சிற கல்லப்பா இது! ஓடும்!"

யாரோ படைத்த குழை என்று நாங்கள் நம்பியது ஆனை தின்று போட்ட மிச்சம். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். அவர் ஏறி ஓடவும் தோன்றாமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் ஓடிவந்தார். குளக்கட்டுக்கு வந்துதான் திரும்பிப் பார்த்தேன். அவர் செருப்பு கல்லடியிலேயே போய்விட்டது. வெறுங்கால், தலையெல்லாம் இலை. எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டேன்.

"நீர் கும்பிட்டு என்ன கேட்டனீர்?" என்றார்.

சிரித்த வாயோடு உண்மையும் வந்துவிட்டது. "அம்மாவிட்டைப் போகவேணும் எண்டு."

அவர் முகம் வாடிப்போனது. பார்க்கப் பாவமாக இருந்தது.

"நீங்கள் என்ன கேட்டனீங்கள்?"

"அது கிடைச்சிட்டுது" என்று சைக்கிளை நிமிர்த்தினார். "நீர் ஒருக்காலெண்டாலும் வாய்விட்டுச் சிரிக்கவேணும் எண்டு கேட்டனான்."

அடுத்த கிழமையே கிளிநொச்சியில் என்னை ரயிலேற்றிவிட்டார். எப்போது வருவீர் என்று கேட்கவில்லை. வீட்டில் எல்லோரையும் கூட்டி வைத்து ஆனைக் கல்லுக் கதையை நடித்தே காட்டினேன். ஒருவரும் சிரிக்கவில்லை. "ஐயோ, என்ர பிள்ளையை ஆனைக் காட்டுக்கோ குடுத்தனான், இனி நீ போகவேண்டாம்" என்று அம்மா அழுதார். நான் நேர்ந்தது அதைத்தான். ஆனால் அந்த ஓட்டத்தை நினைத்து நினைத்து நான் தனியே சிரித்துக்கொண்டிருந்தேன். கூடச் சிரிக்கக்கூடிய ஒரே ஆள் அங்கே காட்டில் அல்லவா இருந்தார்.

இரண்டு நாள்கூட முழுதாக இருக்கவில்லை. ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் அவருக்கு ஒரு சோடி செருப்பு வாங்கினேன்.