உப்பு முதலில் எங்கே விழும்

கடலோர ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் அக்கா வேலைக்குச் சேர்ந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. பெரிய டாக்டர் முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவள் அக்காதான். தினமும் நூற்று நாற்பது விரிப்புகள். துவைத்துப் பிழிந்து, கடற்சுவருக்கும் கட்டடத்துக்கும் நடுவே கட்டிய ஏழு கொடிகளில் உலர்த்துவாள். சுவரை ஒட்டியது முதல் கொடி; தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருப்பது ஏழாவது. படுக்கைப் புண் வந்தவர்களுக்கு ஏழாவது கொடியில் காய்ந்த விரிப்பைத்தான் கொடுப்பாள். முதல் கொடியில் காய்ந்தது அட்டை போல விறைத்து முதுகை அறுக்கும். சேர்ந்த முதல் மாதம் ஒரு கிழவர் முனகியதைக் கேட்டு, விரிப்பைத் தன் கன்னத்தில் தேய்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது அது. முன்பெல்லாம் முதல் இரண்டு கொடிகள்தான் இப்படி. இரண்டு வருஷமாக ஐந்தாவது வரை விறைக்கிறது. புதுச் சோப்பைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கொடிகளைச் சுற்றியுள்ள தோட்டத்தில் வேலை பார்ப்பவன் அவள் தம்பி. நாற்பது வயது, கல்யாணமாகவில்லை, மூன்று வேளையும் அக்கா வீட்டுச் சாப்பாடு. பூ என்றால் உயிர். இரண்டு வருஷத்துக்கு முன் முதலில் வைத்த ரோஜா பதினோரு வாரத்தில் கருகியது. மறுவருஷம் எருவை இரட்டிப்பாக்கி மறுபடி வைத்தான், ஒன்பது வாரம். இன்னொரு முறை கருகினால் தோட்டத்துக்கு சிமெண்ட் பூசி வண்டி நிறுத்துமிடம் ஆக்குவதாகவும், அவனை ஒரு நாள் பயணத் தூரத்திலுள்ள கிளை ஆஸ்பத்திரிக்கு மாற்றுவதாகவும் நிர்வாகி எழுத்திலேயே கொடுத்துவிட்டார்.

அன்று மத்தியானம் சாப்பிட்ட கையோடு அவன் பட்டியல் எழுத உட்கார்ந்தான்.

"என்னடா எழுதுற?"

"ரோஜா நாப்பது, டாலியா இருபது. இந்தத் தடவை மண்ணையே மாத்திடலாம்னு இருக்கேன்."

"மண்ணை மாத்துவ. கடலை எங்க தூக்கி வைப்ப?"

"உனக்கு எல்லாம் கிண்டல்தான். நான் போயிட்டா நீ மிச்சம் வைக்கிறத யாரு சாப்பிடுவா, சொல்லு."

தட்டைக் கழுவப் போன அக்கா குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றாள். பிறகு திரும்பி வந்து, "நாலு நாள் அந்தப் பட்டியலைத் தொடாத" என்றாள்.

ஆபரேஷன் அறையில் கழித்துப்போட்ட கரும்பச்சைத் துணியை இருபத்து நான்கு துண்டாகக் கிழித்தாள். நல்ல தண்ணீரில் நனைத்து, குச்சிகளில் கட்டி, தோட்டம் முழுக்க வரிசையாக நட்டாள். வார்டு ஜன்னல்களிலிருந்து ஒரே கேலி. நர்ஸ் ஒருத்தி, "அக்கா, இது எப்போ பூக்கும்?" என்று கேட்டாள்.

"உன் கல்யாணத்துக்கு முன்னாடி பூத்துடும், போ."

நான்காம் நாள் துணிகளில் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. சுவரோரம் தடிமனாக, உள்ளே வர வரக் கொஞ்சமாக. இரண்டே இடங்களில் துணி பச்சையாகவே இருந்தது. ஒன்று தொட்டியின் மறைவு. இன்னொன்று, மூலையில் தப்பிப் பிழைத்திருந்த ஒற்றைப் பூவரசின் மறைவு.

"இங்க தாழையும் பூவரசுமா வரிசையா நின்னுதே, அதையெல்லாம் யாரு வெட்டினா?"

"நான்தான் வெட்டினேன். கடல் தெரியணும்னு சொன்னாங்க."

"எப்போ?"

"மொதல்ல ரோஜா வச்சதுக்கு முந்தின மாசம்." சொல்லும்போதே தம்பியின் முகம் மாறியது. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். "நானேதான் கொன்னுருக்கேன்க்கா."

"நான் மட்டும் என்ன? ரெண்டு வருஷமா சோப்பைத் திட்டிக்கிட்டு இருந்தேன். எந்திரி."

மறுநாள் காலை நிர்வாகியின் மேஜையில் இரண்டு விரிப்புகளை வைத்தாள். "சார், இது மொதல் கொடி, இது ஏழாவது. கழுத்துல தேய்ச்சுப் பாருங்க."

அவர் தேய்த்துப் பார்த்தார். முதலாவதைச் சட்டென்று கீழே வைத்தார்.

"அந்த உப்புதான் சார் செடி மேலயும் விழுது. சுவரோரமா ஒரு மர வேலி நின்னா செடியும் பிழைக்கும், படுத்திருக்கிறவங்க முதுகும் பிழைக்கும்."

"அப்போ கடல்? நோயாளிகள் பார்க்க ஆசைப்படுறாங்களேம்மா."

அதை அவள் யோசித்திருக்கவில்லை. அந்த ஆசை பொய்யில்லை என்றும் அவளுக்குத் தெரியும். தம்பிதான் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தான். "வராந்தாவுக்கு நேரா ரெண்டு கட்டில் அகலத்துக்கு இடைவெளி விடுறேன் சார். அங்க அடும்பு மட்டும் போடுறேன். தரையோட படரும், மறைக்காது."

"ஆறு மாசம்" என்றார் நிர்வாகி.

பழைய பட்டியல் கிழிந்தது. சுவரோர மணலில் அடும்பு. அதற்குப் பின்னால் தாழை, அதற்கும் பின்னால் பூவரசுக் கிளையில் வெட்டி நட்ட போத்துகள். அவை வேர் பிடிக்கும்வரை முன்னால் ஓலைத் தட்டி. உள்பக்கம் காகிதப்பூவும் நித்தியகல்யாணியும். ரோஜா இல்லாத தோட்டத்தை எழுதித் தர அவனுக்கு மனசே வரவில்லை.

"தொட்டிக்குப் பின்னால ஒண்ணே ஒண்ணு வச்சுக்கவாக்கா?"

"என் கொடியில முள்ளு மாட்டாம வச்சுக்க."

ஆறாம் மாதக் கடைசியில் நிர்வாகி தோட்டத்தைப் பார்க்க வந்தபோது பூவரசு இடுப்பு உயரம் வந்திருந்தது. நித்தியகல்யாணி பூத்திருந்தது. அவர் செடிகளைச் சுற்றி வந்தார். அக்கா கொடிகளைச் சுற்றி வந்தாள். ஐந்தாவது கொடி விரிப்பைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு நான்காவது. அதை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு படுக்கைப் புண் வார்டை நோக்கி நடந்தாள். போகிற போக்கில் தம்பியைப் பார்த்து, "ராத்திரி சீக்கிரம் வந்துடு, ஆறிப்போயிடும்" என்றாள்.