மூட்டைக்குக் காவல்

என் கணவரின் அண்ணன் மனைவியை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஆனால் மனசுக்குள் எரிச்சல். காரணம், கொல்லிமலை ஆகாய கங்கை அருவி. வெள்ளைக்காரன் ஆண்ட அந்தக் காலத்தில் மலைக்கு ரோடு கிடையாது, நடந்துதான் ஏற வேண்டும். சிறு வயதிலேயே அவள் போய் வந்தவள். பேளுக்குறிச்சி சந்தையில் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொள்வார்கள். “அருவி கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாலயே சாரல் மூஞ்சில அடிக்குமுங்க” என்பாள். நான் ஓரமாக நிற்பேன்.

ஓர் ஆடிப் பதினெட்டுக்கு நாங்களும் மலையேறினோம். அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு எல்லோரும் அருவிக்கு இறங்கக் கிளம்பினார்கள். குரங்குத் தொல்லை, கட்டுச்சோற்று மூட்டைக்கு ஓர் ஆள் காவல் வேண்டும். அக்காவும் அருவிக்கு இறங்க முந்தானையை இழுத்துச் செருகினாள். அருவியிலாவது அவள் பேச்சு இல்லாமல் இருக்கட்டும் என்று நான் முந்திக்கொண்டேன்.

“நீங்கதான் பாத்தவங்களாச்சுங்களே அக்கா, மூட்டையப் பாத்துக்கங்க.”

அவள் செருகிய முந்தானையை எடுத்துவிட்டு உட்கார்ந்தாள்.

நான் நனைந்து திரும்பியபோது, என் ஈரத் தலைப்பைத் தொட்டுப் பார்த்துக் கேட்டாள்: “நெசமாலுமே மூஞ்சில சாரல் அடிச்சுதா கண்ணு?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“அன்னிக்கும் என்னைய மூட்டைக்குத்தான் காவல் வெச்சாங்க. குளிச்சுட்டு வந்தவங்க சொன்னதைத்தான் சொன்னேன்.”

பொழுது சாய்வதற்குள் மலை இறங்க வேண்டும். அவளைக் கூட்டிப்போக நேரமில்லை.

அடுத்த சந்தையில் பெண்கள் என்னிடம் அருவியைப் பற்றிக் கேட்டார்கள். “அக்காவைக் கேளுங்க” என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆரம்பித்தாள். கேட்கக் கேட்க என் முகத்தில் சாரல் அடித்தது. நேரில் பார்த்தவள் நான். இருந்தும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்றும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.