பெயருக்கு ஒதுக்கிய இடம்

செங்கம் ரோட்டில் ஒரு காபிக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். கடைகளில் பில் போடும் கைக்கருவிகளுக்குக் கெர்னல் எழுதுகிறோம். கருவிக்குள் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடும் நிரல் அது. மேலே ஓடும் ஆப் நினைவகத்தில் ஒரு முகவரியைக் காட்டி, அங்கே ஒரு பெயர் இருக்கிறது, எடுத்துக்கொள் என்று சொல்லும். கெர்னல் அதை நம்பவே கூடாது. முகவரி பொய்யாக இருக்கலாம். பெயர் முடிவில்லாமல் நீளலாம்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும் பெண் ஒருத்தி எங்களிடம் தற்காலிகமாக வேலை பார்த்தாள். அந்த மாதம் நிரந்தரமாக வேண்டியவள். பெயரை நகலெடுக்கும் பகுதியைச் சரியாகத்தான் எழுதியிருந்தாள். குறிப்பிட்ட அளவு இடம். அதற்கு மேல் ஓர் எழுத்தும் எடுக்காமல் ஒரே மூச்சில் நகல். சரிபார்ப்பவன் நான். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே! இத்தனூண்டு பெயருக்கு இவ்வளவு இடமா, முதலில் நீளத்தை அள, அந்த அளவுக்கு மட்டும் இடம் ஒதுக்கி நகலெடு என்றேன். இரண்டுக்கும் நடுவில் பெயர் மாறிவிட்டால் என்று கேட்டாள்.

"நம்ம ஆப்தானேம்மா, யாரு மாத்தப் போறாங்க?"

அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டம் சேர்ந்துவிட்டால் பஸ் ஊருக்குள் வராது. நான் சொன்னபடி மாற்றியதை ஒருமுறை சோதித்துவிட்டுப் போகிறேன் என்றவளை நான்தான் விரட்டி அனுப்பினேன்.

அடுத்த வாரம் கடைகளில் கருவிகள் உறைந்து நின்றன. நீளத்தை அளந்த பிறகு, நகலெடுப்பதற்குள், எங்கள் ஆப்பே அங்கே நீளமான வேறு பெயரை எழுதியிருந்தது. இடம் போதாமல் எழுத்துகள் பக்கத்து நினைவகத்தில் போய் விழுந்திருந்தன. பழுதை நான் உடனே பிடித்துவிட்டேன். பிடிக்காமல் என்ன, நான் சொல்லிக்கொடுத்த பழுதுதானே.

சென்னையிலிருந்து வீடியோவில் வந்த மேலாளர் யார் எழுதியது என்று கேட்டார். நான்தான் சார் என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர், பழுதைப் பிடித்ததற்காக என்னைப் பாராட்ட ஆரம்பித்துவிட்டார். மூடிக்கொண்டேன். சீ, என்ன மனுஷன் நான். அவளுடைய நிரந்தரம் ஆறு மாதம் தள்ளிப்போனது.

சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள்.

"நீங்களே சொல்வீங்கனுதான் சார் நான் சும்மா இருந்தேன்."

நாளைக்கே பேசுகிறேன் என்றேன். இன்னும் பேசவில்லை. அவளும் அதற்குப் பிறகு என்னை எதுவும் கேட்பதில்லை. நேற்று வேண்டுமென்றே தப்பாக ஒன்றைச் சொல்லிப் பார்த்தேன். சரிங்க சார் என்று அதை அப்படியே எழுதிக் கொடுத்தாள்.