நான் பறித்த நாலு சிவப்புப் புள்ளிகள்

மூன்று வருடத்துக்கு முன், சேர்வராயன் மலையில் வாழவந்திப் பக்கம் இருக்கிற எங்கள் ஊரில், பழுதான ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமை நான் ஒற்றை விரலால் சரிசெய்தேன். பொய். சரியாகியிருக்க வேண்டியதை ஒற்றை விரலால் கெடுத்தேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். பள்ளிக்கூடமும் நிம்மதியாகப் பதில் கும்பிடு போட்டது.

அது காப்பிப் பழம் பறிக்கிற மாதம். மூடுபனி விலகவே இல்லை. களத்தில் கொட்டிய காப்பி காயாமல் பூசணம் பிடித்தது. ஆறு வீட்டார் சேர்ந்து, கரண்டில் ஓடுகிற காயவைக்கும் மெஷின் ஒன்றைப் போட்டிருந்தோம். அதை ஓட்டும் புரோகிராமை எழுதியது டிப்ளமா முடித்த என் மகள். அதுதான் அவளுக்கு முதல் வேலை. நன்றாக ஓடினால் தங்கள் மெஷினுக்கும் எழுதித் தரச்சொல்லிக் கரடியூரில் காத்திருந்தார்கள்.

ஒரே ஒரு கோளாறு. சூடு ஏறியதும் ஹீட்டர் தானாக அணைய வேண்டும், அணையவில்லை. ஆறு வீட்டு ஈரக் காப்பியும் உள்ளே இருந்தது. இன்னும் ஒரு நாள் விட்டால் புளித்துப்போகும். அவள் லேப்டாப்பை ஒயரால் மெஷினோடு மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் எழுதுகிற எடிட்டரில் எப்போதும் வெறும் எழுத்துத்தான் எறும்பாக ஊரும். அன்று அதில் புதிதாக ஒரு பிளகின் போட்டிருந்தாள். தப்பு எங்கே என்று கண்ணாலேயே பார்க்கலாமாம். வரிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தால், ஓடுகிற புரோகிராம் அந்த வரிக்கு வந்ததும் மஞ்சளாகி நிற்கும். ஓரத்துக் கட்டத்தில் அந்த நேரத்துச் சூடு எண்ணாகத் தெரியும். பார்த்துவிட்டு ஒரு பச்சைப் பட்டனை அமுக்குவாள். அடுத்த புள்ளி வரை போய் மறுபடி நிற்கும். இதையெல்லாம் எனக்கு விளக்கினாள். நான் தலையாட்டினேன். என் தலை நன்றாக ஆடும், உள்ளே ஒன்றும் இறங்காது.

"அப்பா, இங்க சிக்னல் எடுக்க மாட்டேங்குது. ரோட்டு வளைவு வரைக்கும் போயி, பிரண்டு ஒருத்திகிட்ட இதக் கேட்டுட்டு வந்தர்றேன். எதையும் தொட்றாதீங்க."

"ஏங்கண்ணு, உங்கப்பன் என்ன கொரங்கா?"

"கொரங்குன்னா பயமில்லீங்கப்பா. திங்கறதுக்கு ஒண்ணுமில்லைன்னா போயிரும். நீங்க சரி பண்றேன்னு உக்காந்துக்குவீங்க."

சிரித்துக்கொண்டே போனாள்.

திரையில் நாலு சிவப்புப் புள்ளி, கிளையில் பழுத்த காப்பிப் பழம் மாதிரி வரிசையாக நின்றது. இருபத்தைந்து வருடம் எஸ்டேட்டில் பழம் பறித்த கை இது. சிவப்பைக் கண்டால் பறிக்கும், பச்சையை விட்டுவிடும். நடுவில் யோசனைக்கு இடமே இல்லை. சிவப்பு என்றால் கோளாறாகத்தான் இருக்கும் என்று புத்தியும் ஒத்து ஊதியது. மவுஸைப் பிடித்து ஒன்றைத் தட்டினேன், உதிர்ந்தது. நாலையும் உதிர்த்தேன். பிறகு, அவள் அமுக்கின அந்தப் பச்சைப் பட்டனை அமுக்கினேன். மெஷின் உறுமிக்கொண்டு கிளம்பியது. ஹீட்டர் போடுகிற வரிக்கு முன்னால் நிறுத்திப் பிடித்ததே அந்தப் புள்ளிகள்தான் என்று எனக்குத் தெரியாது.

பெருமை தாங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் போய், கம்ப்யூட்டரையே சரி பண்ணிவிட்டேன் என்று டீ குடித்தபடி அளந்தேன். நான் எப்போதும் விடுகிற கதைதான் என்று அவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. முக்கால் மணி நேரம் போயிருக்கும். அவர் மூக்கை உறிஞ்சினார்.

"ஏனுங்கண்ணா, யாரு ஊட்லயோ காப்பி வறுக்கறாங்களாட்ட இருக்குது. நொம்ப நல்லா வாசம் வருதுங்க."

ஆமாம், நல்ல வாசம்தான். நானும் ஒரு இழுப்பு இழுத்தேன். அப்புறம்தான் ஓடினேன்.

மெயினை அணைத்து மூடியைத் திறந்தால் பாதி கருப்பு, பாதி பழுப்பு. ஆறு வீட்டு வருஷ உழைப்பும் போயிருந்தது. வளைவிலிருந்து மகள் வேகமாக வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "ஒரே ஒரு வரிதானுங்கப்பா மாத்தோணும், கண்டுபுடிச்சாச்சு" என்று தொலைவிலிருந்தே சொன்னாள். உள்ளே வந்து திரையைப் பார்த்தாள். புள்ளி ஒன்றுகூட இல்லை. என்னைப் பார்த்தாள்.

ஆறு வீட்டாரும் கூடிவிட்டார்கள். அவள் தலை நிமிரவில்லை. "புரோகிராமுல தப்புங்க. என்ற தப்புதானுங்க" என்றாள். நான் வாயைத் திறந்தேன். உண்மை வரும் என்று நினைத்தேன். "வுடுங்க, இனி நேராத் தூளாவே அரைச்சு அனுப்பீரலாம்" என்ற கேலிதான் வந்தது. யாரும் சிரிக்கவில்லை.

"பொட்டப்புள்ளகிட்ட மெஷினக் குடுத்தா இப்பிடித்தான்" என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். கரடியூர்க்காரர்கள் அப்புறம் கூப்பிடவில்லை. அவளும் அந்த லேப்டாப்பைத் திறக்கவில்லை. இப்போது தினமும் காலை பஸ்ஸில் சேலம் இறங்கி, ஒரு துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறாள். என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை. திட்டியிருந்தால் தேவலை.

போன மாதம் ஊர்க்கூட்டத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று எழுந்து நின்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு...

"ஏனுங்கண்ணா, ஊட்ல இருக்கறீங்களா? மூட்ட தூக்க ஒரு கை குடுங்க, ஜீப்பு நிக்குது!"

இதோ, இப்போது என் வாசலில் நின்று கூப்பிடுகிறவர் அதே பக்கத்து வீட்டுக்காரர்தான். நான் போக வேண்டும். அவர் காப்பியும் அன்று அந்த மெஷினுக்குள் இருந்தது. ஒவ்வொரு தடவை அவர் கூப்பிடும்போதும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போகிறேன், போனதும் அவரைச் சிரிக்க வைத்துவிட்டுத் திரும்பி வருகிறேன், என் மகள் மறுநாளும் என் தப்பைச் சுமந்துகொண்டு பஸ் ஏறுகிறாள்.