ஐரீனம்மாவோட மூணு விரலு

பள்ளிக்கூடத்துலயே அரைப்பக்கம் தாண்டாதவன், இத எழுத வேண்டாம்னுதான் இருந்தேன். இன்னைக்கு வாழவந்தி ஊர்ல ஒரு கல்யாணத்துல பேண்டு செட்டுக்காரரு ட்ரம்பெட்டுக்குப் போட்ட பாலிஷ் வாடை மூக்குல ஏறுச்சு, இப்ப ரிசார்ட்டா நிக்கிற எடத்துல இருந்த ஐரீனம்மாங்கற கெழவியோட ஊடு, சின்னப்பையனா நான் ஓடிட்டிருந்த ஊடு, நெனப்புல திரும்பி வந்துருச்சு. பனி பூந்து ஊறிப்போன கதவு, காப்பிப்பூ வாசம், சாயங்காலமானா கொரகொரன்னு சுத்தற ரெக்கார்டு, அதுல அந்தக் காலத்துக் கல்கத்தா ஓட்டல் ஜாஸ் பேண்டு, நடுவுல தனியா ஏறற ஒரு ட்ரம்பெட்டு.

"அது நான் ஊதுனது கண்ணு. பொம்பளைன்னு அட்டையில எம்பேரப் போடல."

"ஏனுங்கம்மா, பல்லே இல்லீங்களே, எங்க ஊதுங்க பாப்போம்"னு நானும் கூட்டாளி சேகரும் நொம்ப ஓட்டுவோம்.

ஒருநா நெசமாவே, அதே வாடையடிக்கற பாலிஷ் போட்டு வெச்சிருந்த ட்ரம்பெட்ட எடுத்து ஊதுனாங்க. வெறுங்காத்துதான் வந்துச்சு, உருண்டு உருண்டு சிரிச்சோம். அவங்க ரெக்கார்டப் போட்டு, சிரிச்சுட்டிருந்த எந்தோள்ல மூணு விரல வெச்சு, ட்ரம்பெட்டுல இருக்கற மூணு கட்டைய அழுத்தற மாதிரியே, பாட்டு ஏற ஏற அழுத்துனாங்க. பாட்டு திரும்பறதுக்கு முன்னாடியே விரலு திரும்பிருச்சு. அப்பவே நம்பிட்டேன். ஆனா அத அவங்ககிட்ட சொல்லல, சாகற வரைக்கும் கேலிதான் பண்ணுனேன். பனி எறங்குனா அந்தத் தோளு இன்னும் அழுந்துது.

இத சேகருக்கு அனுப்புனேன். அவன் போட்ட பதிலு: "எந்தோள்லயும் வெச்சாங்கடா, நானும் சொல்லல."