ஓடிக்கொண்டிருந்த மிஷினை நிறுத்தியது

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி, மனிதர் கைபடாத கிடங்கு ஒன்றைக் கட்டியது. ஏழு மாடி உயரத்துக்கு இரும்பு அடுக்குகள், நடுவே தண்டவாளம், அதில் ஓடும் ஒரு கிரேன். கம்ப்யூட்டரில் எண்ணைத் தட்டினால் கிரேன் தானே போய்ப் பெட்டியை எடுத்து வந்து வாசலில் வைக்கும். அதாவது, வைக்க வேண்டும். வைக்காத நேரத்தில் வைக்கச் செய்வதற்காக என்னைப் பராமரிப்பு இன்ஜினியராக எடுத்திருந்தார்கள். மனிதர் கைபடாத அந்தக் கிடங்கில் என் கை படாத இடமே கிடையாது.

கம்ப்யூட்டருக்குச் சூடு ஆகாது என்று அதைக் கண்ணாடி அறையில் வைத்து ஏசி போட்டிருந்தார்கள். அதற்குத் துணையாக எனக்கும் ஒரு நாற்காலி. எங்கள் தெருவில் ஏசியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கியவன் நான் ஒருவன்தான். அந்தத் திமிரில் போகிற இடமெல்லாம் வாயை விட்டேன்.

வீட்டில் எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. பருத்திப்பட்டில் முதல் பெண்ணின் மாமாவிடம், எல்லாம் ஆட்டோமேட்டிக், ஆளே தேவையில்லை என்று பெருமையடித்தேன். அவர் பஜ்ஜியை மென்று முடித்துவிட்டு, எல்லாத்தையும் மிஷினே செய்யுதுன்னா மாப்பிள்ளையை எதுக்கு வெச்சிருக்காங்க என்று கேட்டார். விளக்கிச் சொன்னேன், எடுபடவில்லை. இன்னிக்கு ஆளே வேணாங்கிறவன் நாளைக்கு உங்க பையனையும் வேணாம்பான் என்று தரகரிடம் சொல்லியனுப்பிவிட்டார்கள். அடுத்த இடத்திலும் அதே கதை. அம்மாவுக்கு வந்ததே கோபம், இன்ஜினியர் என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடித் தொலையேண்டா என்றாள்.

மூன்றாவது இடம் பட்டாபிராம். அங்கே நான் வாயைத் திறக்கவேயில்லை. காபி கொடுக்க வந்த பெண் என் நக இடுக்கில் இருந்த கிரீஸைப் பார்த்துவிட்டாள். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ச்சா போயிடும் என்று அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டு, வாயைப் பொத்தாமல் சிரித்தாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. சும்மா இல்லை, சோறு இறங்காத அளவுக்குப் பிடித்துவிட்டது. அவள் அப்பாவுக்குக் குடோனில் வேலை என்று தரகர் சொல்லியிருந்தார். கணக்கு எழுதுகிறவராக இருக்கும் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். அந்த மனிதர் அதிகம் பேசவில்லை, விசாரித்துவிட்டுச் சொல்கிறோம் என்று அனுப்பிவைத்தார்.

விசாரிப்பது என்றால் எங்கள் பக்கத்தில் கம்பெனி எதிரே இருக்கும் டீக்கடையில் விசாரிப்பார்கள். பையன் குடிப்பானா, சீட்டாடுவானா, வேலை நிரந்தரமா, அவ்வளவுதான். இவர் அதோடு விடவில்லை. எங்கள் கேட் செக்யூரிட்டி அவர் தெருக்காரர். அவரைப் பிடித்து, வெள்ளிக்கிழமை உள்ளேயே வந்து நான் வேலை செய்வதைப் பார்க்க ஏற்பாடு செய்துவிட்டார். செக்யூரிட்டி முந்தின நாளே அதை என் காதில் போட்டார்.

வருகிறவர் என்னை ஏசி அறையில் பேப்பரும் கையுமாகப் பார்த்தால், இவன் இல்லாவிட்டாலும் எல்லாம் நடக்கும் என்று தெரிந்துபோகும். மூன்றாவது முறையும் கதை கந்தலாகிவிடும். ஆகவே மிஷின் நிற்க வேண்டும், நான் இல்லாமல் ஒன்றும் நகராது என்று அவர் பார்க்க வேண்டும். மக்கர் பண்ணாத நாளே அதற்குக் கிடையாது. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை, பாழாய்ப்போனது, காலையிலிருந்து கல்யாண மாப்பிள்ளை மாதிரி குஷியாக ஓடியது. மேனேஜர் வந்து, நல்லா வெச்சிருக்கேப்பா என்று முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு வேறு போனார்.

கம்ப்யூட்டரில் எண்ணைத் தட்டிக் கிரேனை ஓட்டும் ஆபரேட்டர் என் சிநேகிதன். என் மூஞ்சியைப் பார்த்தே புரிந்துகொண்டான்.

"இன்னா மாமே, ஒனக்குக் கல்யாணம் ஆவணுமா வேணாவா? கண்ணை மூடிட்டா நின்னுடப் போவுது."

கிரேனுக்கு வழி பார்க்க ஒரு சென்சார் உண்டு, அதைத்தான் கண் என்போம். அதன்மேல் கறுப்பு டேப்பை ஒட்டினான். கிரேன் பாதி உயரத்தில் நின்றது. சிவப்பு விளக்கு சுழன்றது, மணி அடித்தது, வெளியே லாரிக்காரன் ஹாரன் அடித்துத் தள்ளினான். அந்த நேரம் பார்த்து வெள்ளை வேட்டி சட்டையில் அவள் அப்பா செக்யூரிட்டியோடு உள்ளே வந்தார்.

டேப்பைப் பிய்த்தால் தீர்ந்தது விஷயம். நான் அதைத் தொடாமல் ஏணியில் ஏறினேன். கிரேனில் இருந்த பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி லாரியில் வைத்தேன். மறுபடி ஏறினேன், அடுக்கிலிருந்து இன்னொரு பெட்டி. சட்டை தொப்பலாக நனைந்தது. மூச்சு வாங்கியதில் பாதி நிஜம், பாதி நடிப்பு. ஓரக்கண்ணால் பார்த்தேன். மனிதர் வைத்த கண் வாங்காமல் நின்றிருந்தார். நான் மனசுக்குள் பந்தக்கால் நட்டு, சமையல்காரருக்கும் சொல்லிவிட்டேன்.

அடுத்த பெட்டியோடு இறங்கியபோது பக்கத்தில் வந்தார். ஒரு கை கொடுத்து அதைத் தோளிலிருந்து இறக்கிவைத்தார்.

"தம்பி, நான் குடோன்ல மூட்டை தூக்குறவன். கல்யாணம் ஆவறதுக்கு முன்னேர்ந்து தூக்கினுகீறேன். எம் பொண்ணுக்காவது தூக்காத மாப்பிள்ளையா பாக்கணும்னு இருந்தேன். ஏசி ரூம்ல குந்திகினு மிஷினைப் பாத்துக்கிற வேலைன்னு சொன்னாங்கோ. அதான் ஆசையா வந்தேன்."

குரலில் கோபமே இல்லை, அதுதான் தாங்கவில்லை. இல்லைங்கய்யா, மிஷின் நல்லாத்தான் ஓடிச்சு, நான்தான் நிறுத்தச் சொன்னேன் என்று உளறினேன். அவர் மேலே நின்றிருந்த கிரேனைப் பார்த்தார், என் நனைந்த சட்டையைப் பார்த்தார்.

"ஓடுறதை எதுக்குப்பா நிறுத்தினே?"

பிறகு, ஒடம்பைப் பாத்துக்கோ என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

ஆபரேட்டர் டேப்பைப் பிய்த்தான். நான் கண்ணாடி அறைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஷிஃப்ட் முடியும்வரை கிரேன் ஒரு தடவைகூட நிற்கவில்லை, எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.