வாசலில் இல்லாத செருப்பு

நீல வார் போட்ட ரப்பர் செருப்பு. இடது கால் வார் அறுந்து, அடியில் ஊக்கு குத்தியிருக்கும். என் கணவருடைய அண்ணன் மனைவியை நினைக்கும்போதெல்லாம் அவள் முகத்துக்கு முன்னால் அந்தச் செருப்புதான் வந்து நிற்கிறது. அவளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் திருவண்ணாமலையில் ஒருவர் எங்கே போயிருக்கிறார் என்று வாய்விட்டுக் கேட்கவே வேண்டாம், வாசலைப் பார்த்தால் போதும். செருப்பு கிடந்து ஆள் இல்லை என்றால் மலை சுற்றப் போயிருக்கிறார். செருப்பும் இல்லை என்றால் கடைக்கோ ஆஸ்பத்திரிக்கோ போயிருக்கிறார். செருப்புக் காலோடு அண்ணாமலையாரைச் சுற்றுகிறவர் எங்கள் தெருவில் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. இதெல்லாம் அக்காவுக்குத் தெரியாததல்ல. அவள் பிறந்ததே பக்கத்துக் கீழ்பென்னாத்தூரில்தான். தெரிந்தும் அன்று தப்பு செய்தாள்.

அக்காவுக்குக் குழந்தை இல்லை. செவ்வாய்க்கிழமை தோறும் மலை சுற்றினால் வயிறு திறக்கும் என்று எங்கள் மாமியார் சொல்லியிருந்தார். அவரை நாங்கள் அத்தை என்போம். அத்தை சொன்னால் அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது. சமைத்து மூடி வைத்துவிட்டு, வெயில் ஏறுகிற நேரத்தில் அக்கா வெறுங்காலோடு கிளம்புவாள். சாயங்காலம் அடி அண்ணாமலை மண்ணெல்லாம் காலில் ஒட்டத் திரும்பி வருவாள். அவள் கணவரோ கோயில் தெருவில் இருந்த எங்கள் பாத்திரக் கடையிலேயே படுத்துக்கொள்வார். கார்த்திகைக்கு முன்னால் "சரக்கு இறங்குது" என்பார். கார்த்திகை முடிந்தால் "கணக்கு ஜாஸ்தி" என்பார். எந்த மாதமானாலும் அவருக்கு ஒரு காரணம் இருந்தது. நான் புதிதாக வந்த மருமகள். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்து யாரும் பேசாத விஷயங்களில் இதுவும் ஒன்று என்று மட்டும் புரிந்துகொண்டேன்.

அந்த வாரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கொட்டகையில் ஒரு பழைய படம் மறுபடி வந்திருந்தது. பெரிய வீட்டு மருமகள் ஒருத்தி, தன்னைத் திரும்பியும் பார்க்காத கணவன், மனதைத் திறந்து காட்ட அவளுக்குக் கிடைத்த இன்னொருவன், அதனால் சந்தி சிரித்த குடும்பம், இதுதான் கதை. முதலில் வந்த காலத்தில் ஊரே காறித் துப்பியதாம். துப்பியவர்கள் எல்லோரும் பார்த்துவிட்டுத்தான் துப்பியிருக்க வேண்டும். அத்தை அதன் பெயரைக்கூடச் சொல்ல மாட்டார், "அந்தக் கண்றாவி" என்பார். ஆனால் கதை முழுக்க அவருக்கு அத்துப்படி.

அந்தச் செவ்வாய்க்கிழமை அக்கா கிளம்பிப் போன பிறகு அத்தை வாசலுக்கு வந்தார். குனிந்து பார்த்தார். என்னைக் கூப்பிட்டு, "அவ செருப்பு எங்கடி?" என்றார். அவசரத்தில் அக்காவின் கால் தானாகச் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும். பின்கட்டில் இருக்கும் என்று சொல்லித் தேடுவது போல் நடித்தேன். அத்தை நாற்காலியை வாசலில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை, சாப்பிடவும் இல்லை. என் கணவரை அனுப்பிக் கடையிலிருந்து அண்ணனை வரவழைத்தார். வந்தவர் தூணில் சாய்ந்து நின்றார். உள்ளே சோற்றுப் பானையைத் திறக்கவும் எனக்குக் கை வரவில்லை.

மலையைச் சுற்றிவிட்டு வருகிற நேரத்துக்கு முன்பே அக்கா வந்துவிட்டாள். காலில் செருப்பு. வாசலில் எல்லோரையும் பார்த்ததும் அவள் பார்வை தன் காலுக்குப் போனது.

"எங்க போய்ட்டு வர?"

"சினிமாவுக்கு, அத்தை." எந்தப் படம் என்பதையும் அவளே சொன்னாள்.

"யார் கூட?"

"தனியாதான் போனேன்."

"தனியா எவ போவா அந்தக் கண்றாவிக்கு? இங்கயே சூடத்தை அணைச்சு சத்தியம் பண்ணு. கூட எவனும் வரல, மனசாலயும் தப்பு நினைக்கலனு மலையைப் பாத்துச் சொல்லு. இல்லனா இப்பவே உங்க ஊருக்கு பஸ் ஏறு."

தட்டில் சூடம் எரிந்தது. சத்தியம் செய்தால் வீடு, இல்லையென்றால் தெரு. செய்துவிடு அக்கா, செய்துவிடு என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது. அவள் கையை நீட்டினாள். பாதியில் நிறுத்தினாள்.

"எவனும் வரலனு அணைக்கிறேன். மனசுல ஒன்னும் இல்லனு அணைக்க மாட்டேன். எனக்கு ஆசை இருக்குது அத்தை. வேற எவன் மேலயும் இல்ல, இதோ நிக்கிறாரே, இவர் மேலதான். இவர் கடையிலயே படுத்துக்கினா, நான் மலையைச் சுத்தி இன்னா ஆவப்போவுது?"

தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். வேறொருவன் பெயரைச் சொல்லியிருந்தால்கூட அத்தை அப்படி வெலவெலத்திருக்க மாட்டார். கட்டின புருஷனைத்தான் அவள் கேட்டாள். ஆனால் வாய்விட்டுக் கேட்டுவிட்டாள். அவள் கணவர் தலையை நிமிர்த்தவில்லை. ஒரு வார்த்தை, "உள்ள போ" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். சூடம் தானாகவே அணைந்தது. அவள் உள்ளே போய் இரண்டு புடவையைப் பையில் வைத்துக்கொண்டு வந்தாள். பட்டப்பகலில், அத்தனை பேர் பார்க்க, அதே செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தாள். அவர் ஒருநாளும் கீழ்பென்னாத்தூர் பக்கம் போகவில்லை. கடையில்தான் படுத்தார், கடைசி வரைக்கும்.

அக்கா அங்கே தையல் கடை போட்டாள், இன்றும் தைக்கிறாள். போன மாதம் டிவியில் அந்தப் படம் வந்தபோது அவளுக்கு போன் செய்தேன். நான் அதுவரை அதைப் பார்த்ததில்லை. "பாரு, ஆனா முடிவப் பாக்காத," என்றாள். "அவளை அழவெச்சு கால்ல விழ வெச்சுடுவாங்க. சின்ன வயசுல டென்ட்டு கொட்டாயில அம்மாகூட ஒருதரம் பாத்துட்டேன். அன்னிக்கு அதுக்கு முன்னாடியே எழுந்து வந்துட்டேன். முழுசா உக்காந்து பாத்திருந்தா மலை சுத்திட்டு வர்ற நேரமாவது சரியா இருந்திருக்கும்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் சொன்ன இடத்தில் டிவியை அணைத்தேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை என் மருமகள், "மலை சுத்திட்டு வரேன் அத்தை," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். கொஞ்ச நேரத்தில் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கணவர் கூப்பிட்டார். "மலைக்குத்தான போனா? செருப்பைக் காணோமே?"

ஒரு கணம் எனக்குச் சூட வாசனை அடித்தது. "நான்தான் உள்ள எடுத்து வெச்சேன். வாசல்ல போட்டா நாய் கவ்விட்டுப் போவுது," என்றேன். அவர் பேப்பரைத் திருப்பினார். நான் அவருடைய செருப்பையும் என்னுடையதையும் எடுத்துக்கொண்டு போய்ப் பின்கட்டில் வைத்தேன். மருமகள் திரும்பி வந்தபோது எங்கே போனாய் என்று கேட்கவில்லை, அவள் செருப்பை மட்டும் கையில் வாங்கிக்கொண்டேன். இப்போதெல்லாம் எங்கள் வீட்டு வாசலில் யாருடைய செருப்பும் கிடப்பதில்லை.